மூன்று பாத்திரங்களுக்கு மேல் கூடாது

“கதைக்குக் கரு வேணும், தெரியுமோ? கருன்னா கருவாடுன்னு நெனச்சுண்டு வந்துட்டயோ என்னவோ!”

நான் வேலை கேட்டு வந்த அன்று ஆசிரியர் என்னிடம் சொன்னது இது. விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் கட்டுமரம் என்றும், தாயார் தொழில் கருவாடு என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன். தாயார் தொழிலை யாரும் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான் ஒருத்திதான். அந்தச் சான்றிதழுக்கு அப்பா கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். தலைகீழாக மாட்டியிருந்தார். ஒரு வாரம் எனக்கே அது தெரியவில்லை.

ஆசிரியரின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னேன். அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். நாளை முதல் என் மேஜைக்கு நீங்கள் வருகிறீர்கள். இருபத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். புரூஃப் திருத்துவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை அச்சுக்கூட ஃபோர்மன் நாயுடு அண்ணன் திட்டித் திட்டியே சொல்லித்தருவார்.

இடம் உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்தில் ஆசிரியரின் வீட்டு முன்கட்டுதான் பத்திரிகை அலுவலகம். பக்கத்துக் கொட்டகை அச்சுக்கூடம். பின்கட்டில் குடும்பம். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஆசிரியரின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், கூஜாவில் காப்பி கொண்டுவருவார். ஆசிரியருக்கு வெள்ளி டம்ளர். எனக்கு, கதவோரம் ஓர் ஆணியில் தொங்கும் நீல எனாமல் குவளை. நான் எடுத்து நீட்டுவேன். மாமி எட்ட நின்று ஊற்றுவார். உயரத்திலிருந்து விழுவதால் நுரை நன்றாக வரும். யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை, விளக்க வேண்டியும் இருக்கவில்லை. நாயுடு அண்ணன் “எனுக்கு வேணாம் தாயே” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக் காப்பி கிளப்புக்குப் போய்விடுவார்.

இந்த ஆணியையும் குவளையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பொருளைச் சும்மா காட்டிவிட்டுப் பிறகு அதற்கு வேலை கொடுப்பதற்குக் கதையில் முன்குறிப்பு என்று பெயர். நான் இப்போது செய்தது அதுதான். இப்படிப் பட்டென்று சொல்லிவிடலாமா என்று கேட்பீர்கள். சொன்ன பிறகும் அது வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நான் மோசமான எழுத்துக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை தபாலில் வரும் கதைகளைப் படித்து, தேறுவதை ஆசிரியருக்குக் கொடுப்பது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று சொல்வதாகப் பேச்சு. “கத படிக்கிறதுக்கு ஒரு வேலையாடி? இன்னாடி சொல்ற?” என்று என் அம்மா ஒரு மாதம் வரை நம்பவில்லை. முதலில் நான் படித்த கதையில் முதல் பக்கத்திலேயே பதினாறு பேர் வந்தார்கள். மூன்று பேருக்குச் சுப்பிரமணியன் என்று பெயர். அதில் ஒரு சுப்பிரமணியனைப் பாம்பு கடித்தது. எந்தச் சுப்பிரமணியன் என்று கடைசிவரை எழுதியவருக்கும் தெரியவில்லை. அடுத்த கதையில் ஒரு கல்யாணம், பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பெயர் இருந்தது. அதற்கு அடுத்ததில் ஒரு கூட்டுக் குடும்பம்.

அதனால்தான் பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவித்தபோது நான் ஒரு விதி சேர்க்கச் சொன்னேன். ‘கதையில் மூன்று கதாபாத்திரங்களுக்கு மேல் வரக் கூடாது.’ ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. “அறிவிப்பை நீயே எழுது” என்றார். எழுதினேன். என் கையால் எழுதி அச்சில் வரப்போகும் முதல் எழுத்து. பெருமை தாங்கவில்லை.

அச்சுக்கு ஏறும் நேரத்தில் நாயுடு அண்ணன் கூப்பிட்டார்.

“இன்னாமா, ஒரு வரி ஜாஸ்தியா கீது. எதுனா வெட்டு.”

“எதை வெட்ட அண்ணே?”

“அத நீதான் சொல்லணும். நா எழுத்து கோக்கறவன், நீ படிச்சவ.”

பார்த்தேன். ‘கதையில்’ என்றுதான் ஏற்கெனவே இருக்கிறதே, ‘கதாபாத்திரம்’ என்று இன்னொரு ‘கதா’ எதற்கு? வெட்டினேன். வரி அடங்கியது. ‘கதையில் மூன்று பாத்திரங்களுக்கு மேல் வரக் கூடாது.’ அழகாக உட்கார்ந்தது.

அந்த அறிவிப்பு எங்கே உட்கார்ந்தது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. அதற்கு மேலே ஒரு பாத்திரக்கடை விளம்பரம், அண்டா படத்துடன். போட்டிக்குப் பரிசு கொடுத்ததும் அதே கடைதான். ‘பரிசு: வெள்ளிக் கிண்ணம்’ என்று தடித்த எழுத்து. அதற்குக் கீழே என்னுடைய மூன்று பாத்திரங்கள்.

அடுத்த வாரம் தபால்காரர் பையை மேஜையில் கொட்டினார். ஒரு மாது எழுதியிருந்தார்: ‘கல்யாணச் சமையலைப் பற்றிக் கதை எழுதினேன். மூன்று பாத்திரத்தில் எப்படிச் சமைத்தாலும் ரசத்துக்கு வழியில்லை. ஆகவே ரசத்தை நீக்கிவிட்டேன். கதை கெட்டுப்போகவில்லை என்று நம்புகிறேன்.’ ஒருவர் மூடி தனிப் பாத்திரமா, பாத்திரத்தோடு சேர்ந்ததா என்று தந்தி மாதிரி ஒரே வரியில் கேட்டிருந்தார். ஓர் இளைஞர் தன் காதல் கதையில் காதலனுக்கும் காதலிக்கும் இடையில் ஒரு குத்துவிளக்கு வருவதாகவும், விளக்கு பாத்திரக் கணக்கில் சேராது என்றே தமக்குப் படுவதாகவும் தெரிவித்திருந்தார்.

நான் சிரித்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் மாலையில் குளக்கரையில் நண்பர்களோடு உட்காருகிறவர். அங்கே ஒருவர் “என்ன ஓய், பாத்திரத்துக்கு ஈயமும் பூசறேளோ?” என்று கேட்டுவிட்டாராம்.

“நீ என்ன பண்ணி வெச்சிருக்கே தெரியுமோ? இருபது வருஷப் பத்திரிகை. பாத்திரக்கடை ஆக்கிட்டே!”

“ஒரு வரி அதிகமாக இருந்தது, சார்.”

“உன்னை வேலைக்கு வெச்சதுதான் அதிகம். இந்த இதழ் வெளியே போகட்டும். அதோட உன் மூணு மாசமும் முடியறது. இந்தக் குப்பையில் பரிசு கொடுக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு தேறினா சொல்லு, அப்ப பார்க்கலாம். தேறாது. நான் வக்கீல் சார்கிட்ட ஒரு கதை கேட்டு வாங்கி வெச்சுட்டேன்.”

அந்த ஒன்றைத் தேடித்தான் மூன்று நாள் படித்தேன். அண்டா, குண்டான், அடுக்கு, போகிணி. எங்கள் வீட்டில் இல்லாத பாத்திரங்களின் பெயரெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒரு பழைய கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்கள் கையில் வந்தன. மேலே ஒரு குறிப்பு:

‘ஐயா, நான் பத்துப்பாத்திரம் தேய்க்கிறவள். மூன்றுக்கு மேல் கூடாது என்று போட்டிருப்பதால் மீதி ஏழை விட்டுவிட்டேன். வெள்ளிக் கிண்ணம் எனக்கு வேண்டாம். அதையும் நான்தான் தேய்க்க வேண்டியிருக்கும். இப்படிக்கு, கன்னியம்மா.’

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டுக் கதையைப் படித்தேன். முடித்ததும் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

கதையில் மூன்று பாத்திரங்கள். மாமியாரின் வெண்கலப்பானை. மருமகள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, பெயர் வெட்டிய வெள்ளிச் செம்பு. வேலைக்காரிக்கென்று கொல்லையில் கிடக்கும் தகரக் குவளை. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் கட்டிய புது வீடு. வீட்டில் விருந்தாளிகள். மருமகள் மாதவிலக்காகிக் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள். கிணற்றை அவள் தொடக் கூடாது. விருந்து அமளியில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க மாமியார் மறந்துபோகிறாள். உச்சி வெயில். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் வேலைக்காரி தொட்டித் தண்ணீரைத் தன் குவளையில் மொண்டு நீட்டுகிறாள். மருமகள் ஒரு கணம் பார்க்கிறாள், பிறகு வாங்கிக் குடிக்கிறாள். மூன்று நாளும் ஒரே குவளையில் இருவரும் குடிக்கிறார்கள். ஊர்க்கதை பேசுகிறார்கள். நாலாம் நாள் அவள் தலைமுழுகி உள்ளே போகிறாள். ஐந்தாம் நாள் வேலைக்காரிக்குக் காப்பி கொடுக்க அவளே வருகிறாள். கதையின் கடைசி வரி: ‘எட்ட நின்று ஊற்றினாள்.’

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் ஆணியில் தொங்கிய குவளையைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். நிஜத்தில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தேனாம்பேட்டை வழியாக, அந்த ஏரி இருந்த தியாகராய நகருக்கு நடந்தே போனேன். எழுதியவள் நிஜம்தானா என்று பார்க்க வேண்டும். வேறு ஒரு பயமும் இருந்தது. விலாசம் வேலை செய்யும் வீட்டு விலாசமாகவே இருந்தது, அந்த வீட்டுக்காரர் பெயர் எங்கள் சந்தாதாரர் பட்டியலில் இருந்தது. கொல்லைப்பக்கம் போய்ச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி சாம்பலும் புளியுமாகக் குந்தியிருந்தாள்.

“கன்னியம்மா யாரு?”

“நாந்தான். நீ யாரு?”

“பத்திரிகையிலிருந்து வர்றேன். உன் கதை…”

உள்ளேயிருந்து ஒரு குரல், “யாருடீ அது?”

“எங்க ஒறமொறங்க, அம்மா!” என்று கத்திவிட்டு என்னிடம் மெதுவாக, “உள்ள வா. பாத்திரம் தேய்க்கிற மாரி குந்து” என்றாள். ஒரு கரண்டியை என் கையில் கொடுத்தாள். நானும் தேய்த்தேன்.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். பழைய பேப்பரோடு கொல்லைக்கு வரும் எங்கள் பத்திரிகையை எடைக்குப் போவதற்கு முன்னால் படித்துவிடுவாளாம்.

“நிஜமாவே பாத்திரம்னா சட்டிபானைன்னு நெனச்சியா?”

“எனுக்குத் தெரியாதா இன்னா? நாடகத்துல பாத்திரம்னு சொல்லல? ரெண்டுக்கும் ஒத்துவரட்டுமேன்னுதான்.”

நான் எஸ்.எஸ்.எல்.சி. இவள் நாலாவது. ஒரு நிமிடம் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பயத்தைச் சொன்னேன். இந்த வீட்டார் படித்தால் அவள் வேலை போகும். பெயரை மாற்றிக்கொள்ளலாம், இடத்தையும் மாற்றுவோம், மாம்பலம் ஏரி வேண்டாம், அடையாறு என்று போடலாம், அங்கேயும் பெரிய பங்களாக்கள் இருக்கின்றன என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“அக்கா, இந்த எடம் ஏரி. இவ்ளோ பெரிய ஏரி. அத்த மண்ணக் கொட்டி மூடித்தான் இந்த வீட்டக் கட்டனாங்க. அந்த வீட்ல ஒருத்தி தண்ணி இல்லாம நாக்கு வறண்டு கெடக்கறா. அடையாத்துல போட்டா ஆத்துக்காத்து வரும், கத பூடும். பேர மாத்திக்க. ஏரிய மாத்தாத.”

களம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கதை நடக்கும் இடம், காலம் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும். நாடகக் கம்பெனி படுதாவைப் போல எதை வேண்டுமானாலும் பின்னால் தொங்கவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு கதையின் இடத்தை மாற்றிப் பாருங்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குக் களமே இல்லை, படுதாதான் இருக்கிறது. இதைக் கையில் சாம்பலோடு கற்றுக்கொண்டேன்.

ஆசிரியரிடம் தாள்களைக் கொடுத்தேன். குறிப்பை மட்டும் படித்தார். “பத்துப்பாத்திரமா? போறும், போறும்” என்று ஒதுக்கி வைத்துவிட்டார். அவர் மனம் வக்கீல் கதையில் இருந்தது.

வக்கீல் பக்கத்து லஸ் பகுதியில் இருக்கும் பெரிய மனிதர். அவர் கதை ‘நான்’ என்று தொடங்குகிறது. ‘நான்’ மனக்கசப்பில் அடையாற்றுப் பாலத்திலிருந்து மூன்றாம் பக்கத்தில் குதித்து இறந்துபோகிறார். நாலாம் பக்கம்: ‘என் மனைவி என் உடல்மீது விழுந்து புரண்டாள். என் மாமனார் யாரும் அறியாமல் புன்னகைத்தார்.’

“இதை யார் சார் பார்த்தது?” என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

“ஆத்மா பார்க்கிறது.”

“ஆத்மாவுக்கு மாமனார் மேல் இன்னும் கோபம் போகவில்லையா, சார்?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இதழ் மிஷின் ஏற வேண்டிய நாளன்று காலையில் வக்கீலே தம் புரூஃபைப் பார்க்க வந்தார். ஆசிரியர் இல்லாத நேரம். “எப்படி இருக்கு கதை?” என்று என்னைக் கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

“நன்றாக இருக்கிறது, சார். ஒரு சந்தேகம். உங்கள் கோர்ட்டில் செத்துப்போனவர் கூண்டேறி, தான் செத்த பிறகு நடந்ததற்குச் சாட்சி சொல்லலாமா?”

அவர் முகம் சிவந்தது. புரூஃபையும் கையெழுத்துப் பிரதியையும் மடித்துப் பைக்குள் வைத்தார். “உங்க ஆசிரியர் வந்தா சொல்லு. கதையை வாபஸ் வாங்கிட்டேன்” என்று ஜட்கா வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நோக்கு என்கிறோமே, யார் கண்ணால் கதை சொல்லப்படுகிறது என்பது, அதை நான் இன்றும் சாட்சி என்றுதான் வைத்திருக்கிறேன். சாட்சி எங்கே நின்றான், அங்கிருந்து எது தெரியும்? அவ்வளவுதான் அவன் சொல்லலாம். நான் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கேட்ட நேரம்தான் படு முட்டாள்தனம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாயுடு அண்ணன் கட்டி வைத்த பக்கங்களைக் காட்டினார். நடுவில் நான்கு பக்கம் காலி.

“பல்லு பூட்ட வாய் மாரி கீது பாரு. நாலு மணிக்குள்ள மிஷின் ஏறலைன்னா நாளைக்குத் தபாலு கெடையாது. இன்னா பண்ணப்போற?”

ஆசிரியர் வக்கீலைச் சமாதானம் செய்ய லஸ்ஸுக்கு ஓடியிருந்தார். அவரைக் கேட்க வழியில்லை. கேட்டாலும் வேண்டாம் என்பார். கேட்காமல் செய்தால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார். கேட்டுவிட்டுக் காத்திருந்தால் இதழ் முடிந்ததும் அனுப்புவார். இரண்டுக்கும் நடுவில் இருந்தது சில மணி நேரம்தான். தலைகீழாகத் தொங்கிய என் சான்றிதழ் ஞாபகம் வந்தது. கன்னியம்மாவின் தாள்களை எடுத்து நாயுடு அண்ணன் கையில் கொடுத்தேன்.

“இதைக் கோத்துவிடுங்கள், அண்ணே. வருவது என் தலையில்.”

“உன் தலைல எவ்ளோதாம்மா வைப்பாங்க?” என்று சொல்லிக்கொண்டே கோக்க உட்கார்ந்தார்.

அச்சுக்கோப்பவர்கள் கதை படிப்பதில்லை. எழுத்தைத்தான் பார்ப்பார்கள், ஒவ்வொன்றாக, அதுவும் தலைகீழாக. அவர் கை ஓடுகிற சத்தம் மழை மாதிரி கேட்கும். இரண்டு மணிக்குச் சத்தம் நின்றது. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கடைசித் தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“முப்பது வருசமா கோக்கறேன். ஒரு கதகூட இன்னான்னு பாத்ததில்ல. இதுல கை நின்னு பூச்சும்மா” என்றார்.

ஆசிரியர் வெறுங்கையோடு திரும்பினார். நடந்ததைச் சொன்னேன், சுருக்காமல் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால் கத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை. புரூஃபை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்து என்னைப் பார்க்காமல், “பரவாயில்லை. போடலாம். ஆனா முடிவு இல்லையே” என்றார். பேனாவை எடுத்து ஓரத்தில் ஆறு வரி எழுதினார். வாசித்தும் காட்டினார்:

“‘இக்கதையின் கரு யாதெனில், மனிதருள் பேதம் பாராட்டுவது தகாது என்பதே. அறியாமை மிகுந்த சிற்சில இல்லங்களில் இவ்வழக்கம் இன்னும்…’”

“வேண்டாம், சார்.”

“என்ன வேண்டாம்?”

“இந்த ஆறு வரி.”

“கரு இல்லாம கதையா? முதல் நாளே சொன்னேனே உனக்கு.”

“கரு உள்ளேதான் இருக்கிறது, சார். அதை வெளியே எடுத்து வெயிலில் காயப்போட்டால் அதற்குப் பேர்தான் கருவாடு. எங்கள் வீட்டுத் தொழில், எனக்குத் தெரியும்.”

கொட்டகை வாசலில் நாயுடு அண்ணன் இருமினார். அது இருமல் இல்லை.

“கையெழுத்து நான்தான் போடணும். தெரியுமோல்லியோ?” ஆசிரியரின் குரல் உயர்ந்தது. “இந்த ஆறு வரி இல்லாம இது மிஷின் ஏறாது. ஏறலைன்னா அதுக்கும் காரணம் நீ. இப்பவே கிளம்பு!”

அப்போதுதான் மணி மூன்று அடித்தது. மாமி கூஜாவோடு வந்தார். சண்டையில் இருந்தாலும் கை பழகின வேலையைச் செய்துவிடுகிறது. நான் ஆணியிலிருந்து குவளையை எடுத்து நீட்டினேன். மாமி எட்ட நின்று ஊற்றினார்.

காப்பி விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியர் மாமியின் கையைப் பார்த்தார். நாயுடு அண்ணன் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“என்ன எல்லாரும் என் கையையே பாத்துண்டிருக்கேள்?” என்றார் மாமி.

நான் காப்பியை ஊதினேன். மாமி விடவில்லை. “என்ன படிச்சிண்டிருந்தேள்? நேக்கும் சொல்லுங்கோ.”

ஆசிரியர் தரையைப் பார்த்தார். நான் புரூஃபை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மாமி கூஜாவைக் கீழே வைக்காமல் நின்று கேட்டார். மருமகள் குவளையை வாங்கிக் குடிக்கும் இடத்தில் “ஐயோ பாவம்” என்றார். அது மருமகளுக்கா குவளைக்கா என்று தெரியவில்லை. கடைசி வரிக்கு வந்தேன். ‘எட்ட நின்று ஊற்றினாள்.’ நிறுத்தினேன்.

“இன்னும் இருக்கு” என்று ஆசிரியர் தம் ஆறு வரியை எடுத்தார்.

“என்ன இருக்கு? அதான் முடிஞ்சுடுத்தே” என்றார் மாமி. ஒரு வார்த்தை அதிகமில்லை. கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று ஆசிரியருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு ஆறு வரியையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாயுடு அண்ணன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் முதல் எனக்கும் டம்ளரில் காப்பி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அதே குவளைதான். ஆனால் ஊற்றும் உயரம் ஒரு சாண் இறங்கியிருந்தது. கதையின் ஆரம்பத்தில் இருந்த ஆள் முடிவில் கொஞ்சம் வேறு ஆளாக ஆவதைப் பாத்திர வளர்ச்சி என்பார்கள். ஒரே ராத்திரியில் முழுவதுமாகத் திருந்துகிற பாத்திரங்களோடு உங்களுக்குக் கதைகள் வரும். திருப்பி அனுப்புங்கள். ஒரு சாண் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் மேஜையில் புதுக் கதைக்கட்டு ஒன்று இருந்தது. அதுதான் நியமன உத்தரவு.

கன்னியம்மாவின் கதை ‘ஒரு பெண்’ என்ற புனைபெயரில் வந்தது. வெள்ளிக் கிண்ணத்துக்குப் பதிலாக அவள் கேட்டது இரண்டு குயர் வெள்ளைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது, “வீட்டில் படித்தார்களா? சந்தேகம் வந்ததா?” என்று பயந்துகொண்டே கேட்டேன். சாம்பல் கையோடு சிரித்தாள்.

“படிச்சாங்களே! படிச்சிட்டு, ‘பாத்தியாடீ கன்னியம்மா, யாராத்துலயோ இப்படியெல்லாம் நடக்கறது’ன்னு எங்கிட்டயே சொல்லிக்கினு காப்பி ஊத்தனாங்க.”

“எவ்வளவு உயரத்திலிருந்து?”

“அளந்து பாக்கல அக்கா. நொர நல்லா வந்துச்சு.”

ஏரி, கொட்டகை, குவளை எல்லாம் அப்படியே இருந்தும் தம்மை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கே இருவரும் முடிவு செய்தோம், இனிமேல் பெயரை ஒளிக்கத் தேவையில்லை என்று.

நான்கு ஆண்டு ஓடிவிட்டது. புதுப் பத்திரிகை தொடங்க, தியாகராய நகரில் ஏரி இருந்த இடத்திலேயே ஓர் அறை எடுத்திருக்கிறேன். கன்னியம்மா அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் நடத்தப்போகும் அந்த மாதப் பத்திரிகையின் முதல் இதழில் முதல் கதை அவளுடையது, முழுப் பெயரோடு. போட்டி அறிவிப்பும் உண்டு. அதில் முதல் விதி: ‘எத்தனை பாத்திரங்கள் வேண்டுமானாலும் வரலாம்.’ அச்சுக்கூடக்காரர் ஒரு வரி அதிகமாக இருக்கிறது என்றார். விளம்பரத்தை வெட்டச் சொல்லிவிட்டு, முதல் பக்கங்களுக்கு இன்று காலை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிறகு கணக்கு முடிக்க இங்கே வந்தேன். ஆசிரியர் வெளியே போயிருந்தார். மேஜையைத் துடைத்தேன். உங்களுக்கு இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கிறேன். நீலக் குவளையை என் பையில் போட்டுக்கொண்டேன். நாயுடு அண்ணனிடம் குறடு வாங்கி, கதவோரத்து ஆணியையும் பிடுங்கிவிட்டேன்.

சுவரில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். நாளை பத்து மணிக்கு மாமி கூஜாவோடு வந்து, எதில் ஊற்றுவது என்று உங்கள் இருவரையும் பார்த்துக் கேட்பார்.